எவர்சில்வர் சைலன்சரும் எடை இன்ஸ்பெக்டரும்

இங்கிலாந்தின் ஹார்ன்சீ ஊரில் வில்ஃப்ரெட் பிளெங்கின் ஒரு கடைக்குள் நுழைந்தால், கடைக்காரர் தராசின் மேலிருந்த கையைச் சட்டென்று எடுப்பார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். முப்பத்து நாலு வருடம் அந்தக் கடற்கரை வட்டாரத்துக்கு எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர் பிளெங்கின். இந்தக் கதை நடந்த 1996-ல், அவர் ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கடைக்காரர்களின் கைகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பப்பில் அவர் வந்து உட்கார்ந்தால், பீர் ஊற்றுகிறவர் நுரையை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார். பிளெங்கின் எதுவும் கேட்கமாட்டார். கிளாஸைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, இதுவரை யாரும் அவரை ஏமாற்றியதில்லை. இரண்டு, அவர் வாயிலிருந்து பொய் வந்ததில்லை. இரண்டாவது பெருமையால் அதிகம் அவதிப்பட்டவள் அவர் மனைவி எனிட். கல்யாணத்தன்று வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு, "எப்படி இருக்கேன் வில்ஃப்?" என்று ஆசையாகக் கேட்டாள். "இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கு" என்றார் மாப்பிள்ளை. அப்போதே திரும்பி நடந்திருக்க வேண்டும் என்று எனிட் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தோள் நிஜமாகவே அரை அங்குலம் இறங்கித்தான் இருந்தது என்பதை மட்டும் அவள் சொல்வதில்லை.

பிளெங்கினிடம் ஒரு கார் இருந்தது. 1956-ல் செய்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. நம் அம்பாசிடருக்கு உடன்பிறந்த அண்ணன். அதே உருண்டை முகம், அதே தொந்தி. அந்தக் காரில் தொழிற்சாலையில் போட்ட திருகாணி ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் இருந்தது. சைலன்சர் மட்டும் நிலைக்கவில்லை. அது வருவதும் போவதுமாக இருந்தது.

காரணம் எளிது. எனிட்டைக் கடைக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவதுதான் அந்தக் காரின் முழுநேர வேலை. கடை அரை மைல். எஞ்சின் சூடாவதற்குள் கடை வந்துவிடும், அணைத்துவிடுவார். பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். குழாய் நன்றாகச் சூடேறினால் அந்த ஆவி வெளியே போய்விடும். சூடேறாத குழாயில் அது தண்ணீராகி சைலன்சரின் வயிற்றில் தேங்கி நிற்கும். வீட்டிலேயே தங்கிவிட்ட மச்சினன் மாதிரி நகரவே நகராது, உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து அரிப்பதற்குக் கடலின் உப்புக்காற்று. சாதா இரும்புக் குழாய் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் என்னதான் செய்யும்? பதினெட்டு மாதத்தில் பொரிந்த அப்பளம் போலாகி உதிர்ந்துவிடும்.

உதிர்ந்ததைப் பிளெங்கின் சும்மா தூக்கிப் போடமாட்டார். எடை போடுவார். ஒரு நோட்டில் எழுதிவைப்பார். 'பொருத்தியபோது பத்தொன்பது பவுண்டு. கழற்றியபோது பதினைந்தே கால். வித்தியாசம் கடலுக்குப் போனது' என்று. இப்படிப் பத்தொன்பது வருடத்தில் பதின்மூன்று சைலன்சர்.

"ஊர்ல பாதிப் பேர் எவர்சில்வர் குழாய் போட்டுட்டாங்க. நீயும் போட்டுத் தொலையேன்" என்பாள் எனிட், அவர் தரையில் மல்லாந்து காருக்கடியில் கிடக்கும்போதெல்லாம்.

"இந்த வண்டி எவர்சில்வரோட பொறக்கல" என்று காருக்கடியிலிருந்து பதில் வரும்.

"நீ கூடத்தான் பல்செட்டோட பொறக்கல."

அதற்கு ஸ்பானர் சத்தம் மட்டும் வரும்.

ஊரில் பழைய கார்க்காரர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. சங்கத்தின் மாதப் பத்திரிகையில் பிளெங்கின் பதினோரு வருடமாக ஒரு பத்தி எழுதிவந்தார். விஷயம் ஒன்றே ஒன்றுதான்: எவர்சில்வர் குழாய் ஒரு பாவம். 'துருப்பிடிக்கும் குழாயோடு தொழிற்சாலையை விட்டு வந்த காருக்குத் துருப்பிடிக்கும் உரிமை உண்டு. அதைப் பறிக்க நாம் யார்?' என்றெல்லாம் எழுதுவார். எதிரியைத் திட்டுவதற்காகவே எதிரியைப் பற்றி எல்லாம் படித்து வைத்திருந்தார். எவர்சில்வரில் இரண்டு ரகம் உண்டு. நிக்கல் சேர்த்தது முதல் ரகம். அதில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்க்காதது மட்ட ரகம். காந்தம் ஒட்டும், மேலே பழுப்புக் கறையும் படியும். இதெல்லாம் சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் எழுதியதை யாராவது படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சங்கம் ஒவ்வொரு ஜூலையிலும் ஒரு போட்டி வைக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, அசல் மாறாமல் இருக்கும் காருக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. நடுவர் மியூரியல் ஸ்டேதர்ஸ், வீடுவீடாகப் போய் ஊசி போட்ட பழைய நர்ஸம்மா. அவள் கையில் கயிற்றில் கட்டிய ஒரு காந்தம் இருக்கும். பாத்திரக் கடையில் நம் பெண்கள் குடத்தை எடுத்துக் காந்தம் வைத்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான், தலைகீழாக. குழாயின் வால் நுனியில் வைப்பாள். ஒட்டினால் இரும்பு, அசல். ஒட்டாவிட்டால் எவர்சில்வர், பத்து மதிப்பெண் போச்சு. பிளெங்கினின் குழாயில் காந்தம் எப்போதும் ஒட்டும். ஆனால் எப்போதும் ஓட்டையும் இருக்கும். ஓட்டைக்கு ஐந்து மதிப்பெண் போகும். பத்தொன்பது வருடமும் இரண்டாம் இடம்.

இந்த நிலையில்தான் எனிட்டின் தங்கை மகள் கில்லியனுக்குக் கல்யாணம் வந்தது. மணப்பெண் ஊர்வலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் வேண்டும் என்று கேட்டாள். பிளெங்கின் காரைத் துடைத்து, முன்பக்கம் வெள்ளை ரிப்பன் கட்டி, ராஜகளையோடு தேவாலய வாசல்வரை கொண்டுவந்துவிட்டார். பெண் இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்த நொடியில், சைலன்சர் டமாரென்று கல்தரையில் விழுந்து வாசற்படிவரை உருண்டு போனது. துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்து மாப்பிள்ளைத் தோழன் கீழே படுத்துவிட்டான். ஆர்கன் வாசித்தவர் அதைச் சைகை என்று நினைத்து அவசரமாக வாசிக்க ஆரம்பித்தார். வெள்ளை கவுனில் முழங்கால்வரை கரி.

அன்று வீடு திரும்பும்வரை எனிட் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தாலும், சைலன்சர் இல்லாத காரில் கேட்டிருக்காது. வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உன் துரு இருக்கணும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கோ."

பிளெங்கின் இரண்டு நாள் யோசித்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார் என்பதைத்தான் எனிட்டால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்றாம் நாள் ஒரு விளம்பரத் தாளைப் பார்த்து, தூரத்து ஊரில் குழாய் செய்யும் ஒரு பட்டறைக்குக் கடிதம் எழுதினார். 'நிக்கல் சேர்த்த முதல் ரக எவர்சில்வர். காந்தம் ஒட்டாது என்று உறுதி. காரை நீங்கள் வைத்திருக்கும்வரை உத்தரவாதம்' என்று தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்து நாளில் பெட்டி வந்தது. வந்த நேரம் பார்த்து பக்கத்து வீட்டு மியூரியல் ரோஜாச் செடிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"என்ன வில்ஃப், பெட்டி ரொம்ப நீளமா இருக்கு?"

பிளெங்கின் பெட்டியைக் கண்ணால் அளந்தார். பொய் சொல்ல வராது.

"நாலடி ஏழங்குலம் இருக்கும்" என்றார்.

"அடேங்கப்பா. உள்ள என்ன?"

"நீளமான ஒண்ணு."

அதில் பொய் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷெட்டுக்குள் பெட்டியைப் பிரித்து முதல் வேலையாக என்ன செய்தார்? எடை போட்டார். முப்பத்து நாலு வருடப் புத்தி வேறு எங்கே போகும்? விளம்பரத் தாளில் பதினெட்டே முக்கால் பவுண்டு என்று போட்டிருந்தது. தராசும் பதினெட்டே முக்கால் காட்டியது. மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் அதே. "நாணயமான ஆளுங்க" என்று சொல்லிக்கொண்டே தராசைத் தட்டிக்கொடுத்தார். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் காந்தம் மியூரியலின் ஆயுதம். கயிற்றில் எதையோ கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பதெல்லாம் ஒரு சோதனையா என்று அவருக்கு எப்போதுமே இளக்காரம். எடை சரியாக இருந்தால் எல்லாம் சரி.

குழாயைப் பொருத்தினார். பளபளவென்று கண்ணைக் குத்தியது. அடுத்த ஒரு வாரம் ஷெட் கதவு சாத்தியே இருந்தது. முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மினுமினுப்பைக் கொன்றார். பிறகு கறுப்பு பெயின்ட். அதற்கு மேல் துரு. கடையில் துரு விற்கமாட்டார்கள். எனவே செங்கல் பொடி, சிவப்பு பெயின்ட், கொதிக்கக் கொதிக்க வற்றிய டீத் தண்ணீர் மூன்றையும் குழைத்து, ஒரு கெட்டிக் குழம்பு செய்தார். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைத்தார். டீத் தண்ணீரை அடுப்பில் வற்ற வைத்தவள் எனிட்.

"நாப்பது வருஷத்துல நீ பண்ணின முதல் சமையல் இதுதான்" என்றாள் எட்டிப் பார்த்து. "வாசனை நல்லாருக்கு. கோப்பைக்கு அனுப்பப் போறியா?"

"இந்த வருஷம் போட்டிக்கே போகப் போறதில்ல. நான் பேர் கொடுத்தாத்தானே? பேர் கொடுக்கலன்னா யாரும் கேக்கமாட்டாங்க. கேக்கலன்னா நான் பொய் சொல்ல வேண்டியதில்ல."

நல்ல கணக்குதான். ஆனால் மறுநாளே மியூரியல் வேலிக்கு மேலிருந்து கூப்பிட்டாள்.

"வில்ஃப், இந்த வருஷம் உன் பேரை நானே எழுதிட்டேன். பத்தொன்பது வருஷமா வர்ற ஆளு, மறந்துட்டியோன்னு நெனச்சேன். நன்றியெல்லாம் வேண்டாம்."

பிளெங்கின் நன்றி சொல்லவில்லை. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால், பதினோரு வருடம் எழுதியதும் முப்பத்து நாலு வருடம் வாழ்ந்ததும் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும். போட்டிக்குப் போனாலோ, காந்தம் ஒட்டாது. அப்போதும் அதே கதிதான். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், நேர்மையானவர்கள் திருட ஆரம்பித்தால் எவ்வளவு நுணுக்கமாகச் செய்வார்களோ அவ்வளவு நுணுக்கமாக ஒரு வேலை செய்தார். பிஸ்கட் டப்பாவின் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, குழாயின் வால் நுனியில் வளைத்து ஒட்டி, மேலே பெயின்டும் துருக்குழம்பும் பூசினார். மியூரியல் எப்போதும் அங்கேதானே வைப்பாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த நண்டு பொம்மைக் காந்தத்தை எடுத்து வந்து வைத்துப் பார்த்தார். சிக்கென்று ஒட்டியது.

"தகரம் வேலை செய்யுது எனிட்!" என்று ஷெட்டிலிருந்து கத்தினார்.

"திருடங்களைப் புடிச்சுப் புடிச்சு நல்லாத்தான் தொழில் கத்துக்கிட்டிருக்கே" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

போட்டி நாள் வந்தது. கிரிக்கெட் மைதானத்தில் முப்பது கார்கள், அதற்கேற்ற தூறல். பிளெங்கின் தன் காருக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு, முட்டை சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் பிடித்திருந்தாரே தவிர சாப்பிடவில்லை. மியூரியல் வந்தாள். அவள் கையில் இந்த முறை கயிறு இல்லை. மூன்றடி நீளத்துக்கு ஒரு கம்பி; அதன் நுனியில் காந்தம்.

"புதுசு" என்றாள் பெருமையாக. "முட்டி வலி. குனிய முடியல. இதுல நின்ன எடத்துல இருந்தே சைலன்சர் வயித்துவரைக்கும் போயிடலாம்."

பிளெங்கின் சாண்ட்விச்சை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "வால்லயே வைக்கலாமே மியூரியல். எப்பவும் வைக்கிற இடம்."

"எப்பவும் வைக்கிற இடத்துல வைக்க எதுக்கு மூணடிக் கம்பி?"

"உன் டீ ஆறிடப் போகுது."

"எனக்கு ஆறின டீதான் பிடிக்கும். கொஞ்சம் நகரு."

கம்பி காருக்கடியில் போனது. பிளெங்கின் கண்ணை மூடிக்கொண்டார். டக்.

கண்ணைத் திறந்தார். கம்பி இன்னும் கொஞ்சம் முன்னால் போனது. டக். வளைவில், டக். எங்கெல்லாம் வைத்தாளோ அங்கெல்லாம் டக். மியூரியல் கம்பியைச் சிரமப்பட்டுப் பிடுங்கி எடுத்து, நோட்டில் எழுதினாள்.

"அசல் இரும்பு. நல்ல அழகான துரு. ஓட்டை ஒண்ணுகூட இல்ல. பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை, வில்ஃப்! முழு மதிப்பெண்."

பிளெங்கினுக்கு இரண்டு நொடி சந்தோஷம். தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார். மூன்றாவது நொடியில் இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டார். ஏன் ஒட்டியது? தகரம் வால் நுனியில்தானே இருக்கிறது? சைலன்சரின் வயிற்றில் எப்படி ஒட்டும்? முதல் ரகத்தில் ஒட்டவே ஒட்டாதே? அவர் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. பிறகு பீட்ரூட் நிறத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

எனிட் ஓடிவந்தாள். "ஒட்டிடுச்சே! அப்புறம் என்ன? சிரிச்ச மாதிரி மூஞ்சியை வெச்சுக்கோ."

"ஒட்டக்கூடாது எனிட்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அது மட்ட ரகம். நிக்கலே இல்ல. முதல் ரகம்னு சொல்லி மட்டத்தைத் தள்ளிட்டான். என்னை ஏமாத்திட்டான்."

"நீயும்தானே இப்ப ஊரை ஏமாத்திக்கிட்டு இருக்கே?"

"அது வேற, இது வேற. அவன் ஏமாத்தினது என்னை!"

முப்பத்து நாலு வருடம் ஒரு பன்றிக்கறிக் கடைக்காரனால் முடியாததை, ஒரு பீர்க்கடைக்காரனால் முடியாததை, முகம் தெரியாத ஒரு பட்டறைக்காரன் தபாலில் செய்துவிட்டான். எடை மட்டும் சரியாக இருந்தது. அதுதான் அவரை அதிகமாகக் கடித்தது.

மாலை நாலு மணிக்கு மைதானத்து மண்டபத்தில் பரிசளிப்பு. சங்கத் தலைவர் நெவில் ஹார்க்கர், ஊரின் பெரிய கறிக்கடைக்காரர். 1971-ல் தராசில் கட்டை விரலை வைத்து அழுத்தியதற்காக இதே பிளெங்கினிடம் அபராதம் கட்டியவர். அவர் கோப்பையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பேசினார்.

"இந்த மாவட்டத்துல ஒரே ஒரு நேர்மையான குழாய் இருக்குன்னா, அது மிஸ்டர் பிளெங்கினோட குழாய்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். பிளெங்கின் மேடைக்குப் போனார். கோப்பையை வாங்கவில்லை. அதையே பார்த்தபடி நின்றார். கை தட்டல் ஓய்ந்தது.

"இது அசல் இல்ல" என்றார். "என் வண்டியில இருக்கறது எவர்சில்வர் குழாய். துரு நான் பூசினது. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு லேசானது. இனி என்ன வேண்டுமானாலும் திட்டட்டும் என்று நிமிர்ந்து நின்றார். முதலில் முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். அப்புறம் முழு மண்டபமும் எழுந்து நின்று கை தட்டியது.

"பாத்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்!" என்றார் நெவில்.

"தன்னடக்கம் இல்லய்யா, திருட்டுத்தனம்!" என்று பிளெங்கின் கத்தினார். "நிஜமாவே எவர்சில்வர்!"

மியூரியல் எழுந்தாள். அவளுக்கு இது ரோஷப் பிரச்சினை. "காந்தம் ஒட்டிச்சு வில்ஃப். அஞ்சு இடத்துல ஒட்டிச்சு."

"மட்ட ரக எவர்சில்வர்ல ஒட்டும் மியூரியல்!"

"காந்தம் ஒட்டற எவர்சில்வரா? அடுத்து நனையாத தண்ணின்னு ஒண்ணு சொல்லுவ."

"நான் எழுதியிருக்கேன்! போன வருஷம் நவம்பர் பத்திரிகையில எழுதியிருக்கேன்! யாராவது படிச்சீங்களா?"

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"வெளிய வாங்க" என்றார் பிளெங்கின். மொத்தக் கூட்டமும் டீக் கோப்பையோடு தூறலில் அவர் பின்னால் போனது. அறுபத்தாறு வயதில், நல்ல கோட்டோடு ஈரப் புல்லில் மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். பேனாக்கத்தியால் சைலன்சரைச் சுரண்டினார். துருவும் கறுப்பும் உதிர்ந்து உள்ளே வெள்ளையாக மின்னியது.

"பாருங்க! மின்னுது!"

மியூரியல் குனியாமலே கம்பியை விட்டாள். டக். "புது இரும்பையும் சுரண்டினா மின்னத்தான் செய்யும்."

பிளெங்கின் புழுவாக நெளிந்து வால் நுனிக்கு வந்து, பிஸ்கட் தகரத்தைக் கத்தியால் நெம்பி எடுத்துக் காட்டினார். "இதோ, தகரம்! காந்தத்தை ஏமாத்த ஒட்டினேன்!"

தகரம் இருந்த இடத்தில் மியூரியல் காந்தத்தை வைத்தாள். டக். கூட்டம் 'ச்சொ' கொட்டியது.

"பாவம், ஓட்டைக்கு ஒட்டுப் போட்டிருக்கார்" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "அதைப் போய் மறைக்கணும்னு நெனச்சிருக்கார் பாரு, எவ்வளவு மனசாட்சி."

பிளெங்கின் எழுந்தார். முதுகு பூராவும் சேறு, மூக்கில் செங்கல் பொடி. அவரிடம் இன்னும் ஒரே ஒரு சாட்சி பாக்கி. காரின் டாஷ்போர்டு அறைக்குள் கையை விட்டுப் பட்டறைக்காரனின் விளம்பரத் தாளை எடுத்தார். வெற்றியோடு மியூரியலின் மூக்குக்கு முன்னால் நீட்டினார். மியூரியல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"'காந்தம் ஒட்டாது என்று உறுதி'ன்னு போட்டிருக்கு."

"ஆமா!"

"இதுல காந்தம் ஒட்டுது."

"ஆமா!"

"அப்ப இந்தத் தாள்ல சொல்ற குழாய் இது இல்ல."

பிளெங்கின் வாயைத் திறந்தார். பட்டறைக்காரன் பொய் சொல்லியிருக்கிறான் என்று சொல்லப் போனார். அதற்குள் நெவில் ஹார்க்கர் அவர் தோளில் கை வைத்தார். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"மிஸ்டர் பிளெங்கின், இருபத்தஞ்சு வருஷமா நீங்க ஒரே ஒரு தப்பு பண்ணமாட்டீங்களான்னு நான் காத்திருக்கேன். சத்தியமாச் சொல்றேன், தூக்கத்துலகூட வேண்டியிருக்கேன். நம்ப முடிஞ்சா ஊர்ல முதல் ஆளா நான் நம்பியிருப்பேன். ஆனா நீங்களாவது, தில்லுமுல்லு பண்றதாவது? முடியல சார். முயற்சி பண்ணிப் பாத்துட்டேன்."

"மண்டபத்துல காத்தே இல்ல, அதான் தலை சுத்தியிருக்கும்" என்றாள் நர்ஸம்மா, அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தபடி. "எனிட், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி காலைத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொல்லு."

கோப்பையை அவர் கையில் திணித்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்றும் சங்கத்தின் சுவரில் தொங்குகிறது. கோப்பை வாங்குகிற முகமா, பல் பிடுங்கப் போகிற முகமா என்று சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்தது. காருக்குள் இருவர் மட்டும். பிளெங்கின் சாவியைப் போடாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. எனிட் கோப்பையை மடியில் வைத்திருந்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி அவளுக்கு விலா வலித்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவர் மூக்கு நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. அது தூறல் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"என் வாழ்க்கையில நான் சொன்ன எதையும் யாரும் மறுத்ததில்ல" என்றார். குரல் உடைந்திருந்தது. "அரை அவுன்ஸ் குறையுதுன்னு சொன்னா, குறையுதுன்னு ஒத்துப்பாங்க. கோர்ட்டுல ஜட்ஜுகூட எதிர்க்கேள்வி கேக்கமாட்டார். இன்னிக்கு, நெஞ்சைத் தொறந்து ஒரு நிஜத்தைச் சொன்னேன் எனிட். சொல்றதுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? ஒருத்தன்... ஒருத்தன்கூட நம்பல."

எனிட் கோப்பையை எடுத்துப் பின் சீட்டில் போட்டாள். கைக்குட்டையை எடுத்து அவர் மூக்கிலிருந்த செங்கல் பொடியைத் துடைத்தாள்.

"நான் நம்பறேன்."

"எதை?"

"நீ ஒரு ஃப்ராடு வில்ஃப். சுத்தமான, கலப்படமில்லாத ஃப்ராடு. ஊரைக் கூட்டி வெச்சு ஏமாத்தின திருட்டுப் பய. என் கண்ணால பாத்தேன். எங்க வேணா வந்து சொல்லுவேன்."

பிளெங்கின் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நிஜமாவா சொல்றே?"

"உன் மேல சத்தியமா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். இறங்கியிருந்த தோள்கள் மெல்ல நிமிர்ந்தன. சாவியைத் தேடிக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார்.

"இன்னொரு தடவை சொல்லேன்" என்றார்.

"திருட்டுப் பய" என்றாள் எனிட், அவர் கன்னத்தைத் தட்டி.